பத்து மடங்கு வெளிச்சம்

1838இல் பாரிஸில் லூயி டாகேர் உயரமான ஒரு ஜன்னலிலிருந்து கீழே ஓடிய பெருஞ்சாலையைப் படமெடுத்தார். பட்டப்பகல். குதிரை வண்டிகளும் ஆட்களும் போய்வந்துகொண்டிருந்த தெரு. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும் ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார் போலிருக்கிறது. வெள்ளி முலாம் பூசிய தகட்டில் வெளிச்சம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் நகர்ந்துபோனவர்கள் யாரும் படத்தில் தங்கவில்லை. நின்றவர் தங்கினார்.

மறு ஆண்டு அந்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் எல்லோருக்கும் தங்கள் முகத்தைப் படமாகப் பார்க்க ஆசை வந்தது. வெயிலில் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார யாரால் முடியும்? இதற்கு ஒரு வழியைக் கண்டவர் வியன்னாப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் யோசஃப் பெட்ஸ்வால். கணக்கில் தேர்ந்த பீரங்கிப் படை வீரர்கள் சிலர் அவருக்கு உதவியாகத் தரப்பட்டார்கள். குண்டு போய் விழும் இடத்தைக் கணக்கிட்டுப் பழகியவர்கள், கண்ணாடிக்குள் ஒளிக்கதிர் வளைந்து போகும் வழியைத் தாள் தாளாகக் கணக்கிட்டார்கள். 1840இல் லென்ஸ் தயாராகிவிட்டது. ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. டாகேரின் பெட்டியில் இருந்த லென்ஸைக் காட்டிலும் பதினைந்து மடங்குக்கு மேல் வெளிச்சத்தை அது உள்ளே விட்டது. தகட்டின் வேதியியலும் அதையொட்டி முன்னேறியது என்பது உண்மைதான். ஆனால் பழைய தகட்டையே வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றியதிலேயே முகத்தைப் படமெடுப்பது வெகுவாக எளிதாகிவிட்டது.

கேமரா வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புது பாடிக்கு, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு, போகும் பணத்தை நல்ல லென்ஸுக்குப் போடுங்கள். சிக்கனத்துக்காகச் சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஒளியின் இயல்பே அப்படி இருப்பதால் சொல்கிறேன்.

ஒளி ஒரே ஓட்டமாக வருவதில்லை. துகள் துகளாக, ஃபோட்டான்களாக வருகிறது. அதுவும் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. முற்றத்தில் ஒரே அளவுள்ள கிண்ணங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தூறலில் சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். ஒன்றில் எட்டுத் துளி விழுந்திருக்கும், பக்கத்தில் பதின்மூன்று, அதற்கடுத்ததில் பத்து. மழை எல்லாவற்றின் மேலும் ஒன்றுபோலத்தான் பெய்தது. எண்ணிக்கை மட்டும் ஏறி இறங்குகிறது. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரின் ஒவ்வொரு பிக்சலும் அப்படி ஒரு கிண்ணம். இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, கேமராக்காரர்கள் 'நாய்ஸ்' என்பார்களே, அதில் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கம்தான். மின்னணுச் சுற்றின் குறை அதில் இன்று சிறுபங்கு.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில் முன்பின்னாகப் பத்து வேறுபடும். 100இன் வர்க்கமூலம் 10. அதாவது பத்து சதவீதப் பிசிறு. அதே இடத்தில் 1000 ஃபோட்டான் விழுந்தால் வேறுபாடு 32தான்; மூன்று சதவீதம். வெளிச்சம் பத்து மடங்கானால் படம் மூன்று மடங்கு தெளிகிறது. எந்த நிறுவனத்தின் எந்தச் சிப்பாலும் இந்தக் கணக்கை மீற முடியாது.

அப்படியானால் வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது? சென்சரை மேம்படுத்தலாம். ஆனால் இன்றைய சென்சர்கள் தங்கள் வண்ண வடிகட்டிகளைக் கடந்து வரும் ஃபோட்டான்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏற்கெனவே பிடித்துவிடுகின்றன. நாளை ஒரு மேதை வந்து விழுவதில் ஒன்றுகூடச் சிந்தாத சென்சரைச் செய்தாலும், கிடைப்பது இரண்டு மடங்குக்கும் குறைவு. அந்தப் பக்கம் கூரை அவ்வளவு தாழ்ந்து வந்துவிட்டது.

லென்ஸின் பக்கம் பாருங்கள். கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 கிட் லென்ஸை 50 மி.மீ. பக்கம் திருப்பினால் அதன் அபர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அந்த எண், குவியத்தூரத்தை லென்ஸ் திறந்திருக்கும் வாயின் அகலத்தால் வகுத்தால் வருவது. 50ஐ 5.6ஆல் வகுத்தால் வாயின் அகலம் ஏறக்குறைய 9 மி.மீ. ஜூம் இல்லாத, விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் வாய் 28 மி.மீ. வட்டத்தின் பரப்பு அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மாலையில் வீட்டுக் கூடத்தில் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 6400 என்று வைத்து எடுக்க வேண்டியிருந்த குழந்தையின் முகத்தை, அதே பழைய பாடியில், ஏறக்குறைய 640இல் எடுக்கலாம். பாடியை எத்தனை தலைமுறை மாற்றினால் இந்தப் பத்து மடங்கு கிடைக்கும்? மாற்றிக்கொண்டே போனாலும் கிடைக்காது. மேலே சொன்ன கூரை தடுத்துவிடும்.

வாய் அகலத் திறந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஃப் 1.8இல் ஒரு கண் துல்லியமாகவும் மறு கண் சற்று மங்கலாகவும் அமையலாம். பட்டப்பகலில் முக்காலி போட்டு எஃப் 8இல் மலையைப் படமெடுப்பவருக்குக் கிட் லென்ஸே போதுமானது.

மெகாபிக்சல் பற்றியும் ஒரு வார்த்தை. 12இலிருந்து 24க்குப் போனால் விவரம் இரட்டிப்பாகிறது என்று நினைக்கிறோம். பிக்சல்கள் நீளத்திலும் அகலத்திலும் பங்கிடப்படுவதால் ஒரு கோட்டின் மீது கூடுவது 1.4 மடங்குதான். அதுவும் லென்ஸ் அந்த நுணுக்கத்தை வரைந்து கொடுத்தால். நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகளின் வேறுபாட்டில் லென்ஸ் பாதியையும், சென்சர் அதில் அறுபது சதவீதத்தையும் காப்பாற்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பெருகி, படத்தில் மிஞ்சுவது முப்பது சதவீதம். சென்சர் குறையே இல்லாததாக இருந்தாலும் ஐம்பதைத் தாண்டாது. லென்ஸ் கோட்டைவிட்ட பாதியை சென்சரால் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்த மலிவான 50 மி.மீ. லென்ஸுக்குள் இருக்கும் வரலாறு எனக்கு அலுக்காத ஒன்று. ஜெர்மனியின் ஜேனா நகரில் கார்ல் சைஸின் பட்டறையில் எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளர் இருந்தார். லென்ஸ் செய்யக் கிடைத்த கண்ணாடி வகைகள் மிகக் குறைவு என்பதுதான் அவருடைய பெரிய குறை. ஒரே கண்ணாடி நீலத்தை ஒரு மாதிரியும் சிவப்பை வேறு மாதிரியும் வளைக்கும். இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்தால்தான் ஒன்றின் பிழையை மற்றது சரிக்கட்டும். ஓட்டோ ஷாட் என்ற வேதியியலாளர் அவரோடு சேர்ந்து 1884இல் ஜேனாவில் ஒரு கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கினார். பேரியம், போரான் என்று புதிய பொருள்களைக் கலந்து உருக்கியதில், அதுவரை உலகில் இல்லாத குணங்கள் கொண்ட கண்ணாடிகள் வெளிவந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் சைஸின் பால் ருடால்ஃப் 1896இல் 'பிளானர்' என்ற லென்ஸை வடித்தார். ஆறு கண்ணாடிகள், நடுவில் அபர்ச்சர், இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று எதிரொளிபோல அமைந்த வளைவுகள். முன்பாதி செய்யும் பிழைகள் பலவற்றைப் பின்பாதி நேர்செய்துவிடும்.

கணக்கில் அது அழகான லென்ஸ். புழக்கத்திலோ ஒரு தொல்லை இருந்தது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கையாவது திருப்பி அனுப்பிவிடும். பிளானரில் அப்படி எட்டுப் பரப்புகள். எட்டையும் கடப்பதற்குள் கால்பங்குக்கு மேல் போய்விடும். போனது போகட்டும் என்றும் விட முடியாது. திரும்பிய ஒளி உள்ளேயே அங்குமிங்கும் முட்டி மோதிப் படத்தின் மேல் பனிமூட்டம்போலப் படியும், கறுப்பு சாம்பலாகும். ருடால்ஃபே 1902இல் நான்கே கண்ணாடியில் 'டெஸ்ஸார்' என்ற எளிய லென்ஸைச் செய்தார். பரப்புகள் குறைவு, மூட்டமும் குறைவு. எல்லோரும் அதற்குப் போனார்கள். பிளானர் ஒதுங்கியது.

அதை மீட்டதும் ஒரு வியப்பான சங்கதி. இங்கிலாந்தில் லென்ஸ் செய்துவந்த டென்னிஸ் டெய்லர், காலப்போக்கில் மேற்பரப்பு மங்கிப்போன பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதை 1890களிலேயே கவனித்திருந்தார். மங்கல் ஒரு மெல்லிய படலம். படலத்தின் மேற்பரப்பிலிருந்து ஓர் ஒளியலை திரும்புகிறது, அடிப்பரப்பிலிருந்து இன்னொன்று. படலத்தின் தடிமன் ஒளியின் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், ஒன்றின் முகடு வரும் இடத்தில் மற்றதன் பள்ளம் வந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. திரும்பிப் போக வழியில்லாத ஆற்றல் முன்னோக்கியே போகிறது. 1935இல் சைஸில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா வெற்றிடத்தில் அத்தகைய படலத்தைக் கண்ணாடிமீது படியவைக்கும் முறையைக் கண்டார். மெக்னீசியம் ஃபுளோரைடு என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன் போதும். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மினுங்குவது அதுதான். படலம் வந்த பிறகு எட்டுப் பரப்பு ஒரு பொருட்டில்லை. ருடால்ஃபின் ஆறு கண்ணாடி அமைப்பு திரும்பி வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் எஃப் 1.8 லென்ஸ்கள் பலவும் அந்தக் குடும்பம்தான்.

அந்தக் குடும்பத்தின் உச்சங்களில் ஒன்று, 1960களில் சைஸ் நாசாவுக்காகச் செய்த 50 மி.மீ. எஃப் 0.7. பத்தே லென்ஸ்கள் செய்யப்பட்டன. அவற்றில் மூன்றை வாங்கிய ஸ்டான்லி குப்ரிக், 1975இல் வந்த 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். லென்ஸின் கடைசிக் கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும்; எந்த சினிமா கேமராவிலும் அது உட்காரவில்லை. மிட்செல் கேமரா ஒன்றைக் கடைந்து இழைத்து அந்த லென்ஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள்.

நம் கைக்கு எட்டுவதற்கு வருவோம். கேனான் 1987இல் 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றை வெளியிட்டது. 1990இல் கேமராவோடு பொருத்தும் உலோக மவுண்ட்டைப் பிளாஸ்டிக் ஆக்கி இரண்டாம் பதிப்பு வந்தது. 2015இல் மோட்டாரும் மேற்பூச்சும் மாறின. உள்ளே அதே ஆறு கண்ணாடிகள். 1990இல் ஃபிலிம் கேமராவுக்காக அதை வாங்கிய ஒருவர், 2000இல் வந்த 3 மெகாபிக்சல் டி30இல் அதைப் போட்டிருக்கலாம், 2005இன் 12.8 மெகாபிக்சல் 5டியிலும், 2016இன் 30 மெகாபிக்சல் 5டி மார்க் ஃபோரிலும் போடலாம். 2020இன் ஆர்5இல் ஓர் அடாப்டர் வைத்துப் போடலாம். அந்த டி30க்கு இன்று என்ன விலை கிடைக்கும் என்று கேட்க வேண்டியதே இல்லை. லென்ஸ் இன்னும் வேலை செய்கிறது.

இதற்கு எதிரான சாட்சியும் கேனானிடமே உண்டு. அதே 1987இல் பழைய எஃப்டி மவுண்ட்டை அது ஒரேயடியாகக் கைவிட்டது. பை நிறைய எஃப்டி லென்ஸ் வாங்கி வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். காரணம் இரண்டு மில்லிமீட்டர். எஃப்டி லென்ஸ், மவுண்ட்டுக்கு 42 மி.மீ. பின்னால் ஃபிலிம் இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. புதிய பாடியில் அந்தத் தூரம் 44. அடாப்டர் வைத்தால் இன்னும் கூடும். தொலைவிலுள்ள எதுவும் கூர்மையாக விழாது.

இந்தக் கதை அதோடு முடியாமல் போனதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் மவுண்ட்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒளியைத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டியிருந்தது. அதனால் நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ., எம்42 திருகு மவுண்ட்டில் 45.5 மி.மீ. என்று தூரம் வைத்தார்கள். மிரர்லெஸ் கேமராக்கள் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டன. சோனி இ மவுண்ட்டில் தூரம் 18 மி.மீ.; நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. பழைய லென்ஸ் எதிர்பார்க்கும் தூரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வெறுங்குழாய் நிரப்பிவிடும். 1960இன் நிக்கான் லென்ஸைச் சோனியில் போட 28.5 மி.மீ. நீளமுள்ள ஒரு குழாய் போதும். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டுகூட வேண்டாம். கைவிடப்பட்ட எஃப்டி லென்ஸ்களும் இப்படித்தான் மறுவாழ்வு பெற்றன. தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருக வேண்டும். ஆனால் கூர்மையாக இருக்கும் விளிம்புகளை இன்றைய பாடி வண்ணமிட்டுக் காட்டிவிடுகிறது.

லென்ஸை மாற்றாமல் வைத்திருப்பதால் கிடைக்கும் பலனுக்குக் கொடைக்கானலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்குள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல், மேகம் வழிவிட்ட நாளெல்லாம், சூரியனின் முகத்தைப் படமெடுத்து வந்திருக்கிறது. 1918 முதல் அந்த வேலையைச் செய்தது 15 செ.மீ. அகலமுள்ள ஒரே லென்ஸ். கண்ணாடித் தகடுகள் போய் ஃபிலிம் வந்தது. பழைய தகடுகளெல்லாம் இன்று கணினிக்குள் ஏற்றப்பட்டிருக்கின்றன. கருவியின் கண் மாறாததால் 1920இன் சூரியப் புள்ளிகளையும் 1980இன் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடிகிறது. வித்தியாசம் தெரிந்தால் அது சூரியனுடையதா, லென்ஸுடையதா என்று குழம்ப வேண்டியதில்லை. சூரியனின் நூறாண்டுப் போக்கை ஆராய்கிறவர்கள் உலகெங்கிலுமிருந்து பழனி மலையின் அந்தத் தகடுகளைத் தேடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புது பாடி வேண்டியவர்களும் உண்டு. பறக்கும் பறவையைத் துரத்துகிறவர்களுக்கும் மைதானத்தில் ஓடுகிறவர்களை எடுப்பவர்களுக்கும் கண்ணைத் தேடிப் பிடிக்கும் இன்றைய ஆட்டோஃபோகஸ் ஒரு வரம். வீடியோவே தொழில் என்றால் பழைய பாடி காலைவாரும். கையிலிருப்பது மிகப் பழைய டிஜிட்டல் பாடி என்றாலும் மாற்றுவதில் பொருள் இருக்கிறது. இவை தவிர, நான் பார்த்தவரை, பாடியை மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸ் தராததைத்தான் பாடியில் தேடுகிறார்கள்.

லென்ஸுக்கும் நோய் வரும். ஒன்று விசித்திரமானது. ஒளியை நன்றாக வளைக்கவும் வேண்டும், நிறங்களைப் பிரிக்கவும் கூடாது என்பதற்காக 1950 முதல் 1970கள் வரை சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் சேர்த்தார்கள். பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4இன் ஒரு வகை அப்படிப்பட்டது. தோரியம் மெல்லிய கதிரியக்கம் உள்ளது. பல ஆண்டுகளில் அது கண்ணாடியைத் தேன்நிறமாக்கிவிடும். கேமராவில் பொருத்திப் படமெடுப்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை. கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் உருப்பெருக்கியாக மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. மருந்து வெயில்தான். புற ஊதா ஒளி தொடர்ந்து பட்டால் சில நாள்களிலோ வாரங்களிலோ மஞ்சள் தெளிகிறது.

நம் ஊருக்கு உரிய நோய் ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று கடலோரத்தில் வசிப்பவர்கள் இதை அறிந்திருப்பார்கள். காற்றில் ஈரப்பதம் அறுபது எழுபது சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசியையும் எண்ணெய்ப் பசையையும் தின்று பூஞ்சை இழை விடும். அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரிக்கும். விட்டால் கண்ணாடியையே அரிக்கும். அந்தத் தழும்பைத் துடைத்து எடுக்க முடியாது. தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதுதான் லென்ஸுக்குச் செய்யும் பெரிய கெடுதல். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அதன் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுவது, இவ்வளவு போதும். வசதி இருந்தால் ஈரப்பதத்தை நாற்பது முதல் ஐம்பதுக்குள் வைத்திருக்கும் மின் அலமாரி வாங்கலாம். எல்லாவற்றையும்விட நல்லது, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் படமெடுப்பது.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஒரு டார்ச்சைக் கையோடு கொண்டுபோங்கள். அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து ஒளி அடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைத்திருந்தால் ஃபங்கஸ். ஓரத்திலிருந்து பரவும் பால்நிற மூட்டம் என்றால் மசகெண்ணெய் ஆவியாகிப் படிந்திருக்கலாம், அல்லது கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருக்கலாம். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் அவை ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடும். தூசி நாலைந்து இருந்தால் பயப்பட வேண்டாம். முன்கண்ணாடியில் சிறு கீறல் இருந்தாலும் பேரம் பேசி வாங்கிவிடலாம். அது ஃபோகஸுக்கு வெகு தொலைவில் இருப்பதால் அதன் நிழல் படமெங்கும் கரைந்து, எதிரே சூரியன் இருந்தால் ஒழிய, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பின்கண்ணாடியின் கீறல் அப்படியில்லை. அது சென்சருக்கு அருகில் இருக்கிறது, அதன் வழியே வரும் ஒளிக்கற்றையும் ஒல்லியானது. அந்த லென்ஸை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.